பற்று, வரவு, பாக்கி

"மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ்." தாமிரபரணிக் கரையோரம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் இதைக் கேட்டேன். ஏன் சார் என்றதற்கு, "மனப்பாடம் பண்ணுலே" என்பதே பதில். தமிழ் எம்.ஏ. முடித்த பிறகும் அந்த 'ஏன்' என்னை விட்டுப் போகவில்லை.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ரிணம், அதாவது கடன் என்றும் சொல்லி விதி வகுத்தார். கடனைக் கடனால் பெருக்கினால் தனம். நான்கு ரூபாய்க் கடன் மூன்றை ஒருவர் தள்ளுபடி செய்தால் என் நிலை பன்னிரண்டு ரூபாய் உயர்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

தமிழ்க் கணக்கெழுத்தில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ எனத் தனிக்குறிகள் உண்டு. இவை எண்ணின் இயல்பைச் சொல்வதில்லை. யார் பேரில், எந்தப் பக்கம் என்பதைச் சொல்கின்றன. கடைக்காரர் பேரேட்டில் என் பேரில் இருக்கும் பற்று எனக்குக் கடன், அவருக்கு வரவேண்டிய காசு. தொகை ஒன்று, குறி எதிரெதிர், கூட்டினால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை எங்கே வைப்பது, யார் வைப்பது என்பதில்தான் அதிகாரம் நுழைகிறது.

நெல்லைச் சீமையில் இது நடந்திருக்கிறது. ஆற்காட்டு நவாப் கம்பெனியிடம் கடன்பட்டவர். 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போயிற்று. நவாபின் கடன், பாளையங்களின் பாக்கியாகக் குறியும் இடமும் மாறியது. 1798இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பேரில் 3310 வராகன் பாக்கி. செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கணக்கைச் சரிபார்த்தபோது மிஞ்சியது 1080தான். ஆனாலும் அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறுவருடம் பானர்மனின் படை வந்தது. 1799 அக்டோபர் 16 கயத்தாறில் தூக்கு.

(ஒரு வேடிக்கை: 1796இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரெண்ட் எழுதிய இயற்கணித நூல் குறை எண்களையே ஏற்க மறுத்தது. கம்பெனி குமாஸ்தாக்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.)

1959இல் வந்த படத்தின் கட்டபொம்மன் கப்பம் என்பதையே மறுக்கிறார். அவருடைய பூஜ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் கைதட்டியது அதற்குத்தான். ஆவணங்களின் கட்டபொம்மனோ பெரும்பகுதியைக் கட்டியிருக்கிறார். இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு உறுத்துவது வேறு. 3310க்கும் 1080க்கும் நடுவில் 2230 வராகன் இருக்கிறது. கரிசல் காட்டில் யார் வெள்ளாமையிலிருந்து அது போயிற்று, யார் பேரில் அதைப் பற்று எழுதினார்கள் என்பதைப் படமும் சொல்லவில்லை, கம்பெனிப் பேரேடும் சொல்லவில்லை.