கல்லுக்கும் உண்டு அறிவிப்பாளர் தொடர்

திருவள்ளூரை அடுத்த காக்களூரை இன்று பலரும் தொழிற்பேட்டையின் பெயராலேயே அறிவர். அதே வட்டாரத்தில், கொசத்தலையாற்று நீரைத் தேக்கி நிற்கும் பூண்டியில், மனித குலத்தின் மிகப் பழைய தொழிற்கருவிகள் பேணப்பட்டு வருகின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டு அங்கு நிறுவிய தொல்பழங்கால அகழ்வைப்பகத்தையே குறிப்பிடுகிறோம். அங்கே காட்சிக்குரியவை பொன்னும் மணியும் அல்ல, பெரும்பாலும் கற்களே. குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையைச் சீவிச் செய்த கைக்கோடரிகள் அவற்றுள் முதன்மையானவை.

இக்கற்களின் மதிப்பு எதனால் வந்தது?

இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அவர் வெறுமனே கற்களைச் சேர்க்கவில்லை. எந்த ஊரில், எந்தப் படிவில் கிடைத்தது என்பதையும் குறித்து வைத்தார். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அதன் விரிவான விளக்க நூல், அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் 1916இல் வெளிவந்தது.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஒரு செய்தியின் வாசகம் எத்துணை அழகியதாயினும், அதன் இஸ்னாத் அறுந்திருப்பின் அறிஞர்கள் பொதுவாக அதனை ஆதாரமாகக் கொள்வதில்லை. கண்டெடுத்த இடம் தெரியாத கல்லின் நிலையும் அத்தகையதே. உருவம் இருக்கும், சாட்சியம் இராது.

ஃபூட் சுட்டிய அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அகழாய்வு நடத்தினர். விண்வெளிக் கதிர்களால் கல்லில் உண்டாகும் தனிமங்கள், அக்கல் மண்ணுள் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. அவ்விகிதத்தை அளந்தும், மண்படிவுகளின் காந்தத் திசையை ஆராய்ந்தும், அங்குள்ள கைக்கோடரிகளின் சராசரி வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் அறிவித்தனர். அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதை 2018இல் வெளிப்படுத்தினர். கருவிகள் தம் படிவிலேயே கிடந்தமையால் அன்றோ இக்கணக்கு இயன்றது! ஆகவே, அருங்காட்சியகம் மட்டும் போதாது. நிலமும் காக்கப்பட வேண்டும். சரளைக்காகவோ கட்டடத்திற்காகவோ ஒரு படிவு அகற்றப்பட்டால், அதை மீண்டும் எழுதித் தருவார் எவருமில்லை.

இப்பாடம் நமக்கும் உரியது. இதே மாவட்டத்துப் பழவேற்காடு முதல் தென்கோடிக் காயல்பட்டினம் வரை, நம் முன்னோர் வாழ்ந்த துறைமுகங்களில் மீஸான் கற்களும் அரபுத்தமிழ் ஏடுகளும் பழைய நாணயங்களும் உண்டு. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல்லைப் பெயர்ப்பதற்குமுன் நிழற்படம் எடுப்போம். அது நின்ற இடத்தைக் குறிப்போம். வீட்டு ஏட்டை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, எவ்வூர், யாருடைய கைவழி வந்தது என ஒரு தாளில் எழுதி உடன் வைப்போம். அத்தாள் இல்லையேல், நாளைய ஆய்வாளரின் கையில் இருப்பது பழைய காகிதம் மட்டுமே.