தடிவழி வாரியமும் ஊராட்சிச் சாலையும்

பண்டை வழிகளை ஆராயப் புகுவார் பெருவழிகளையே பெரிதும் நோக்குவர். அதியமான் பெருவழியும் இராசகேசரிப் பெருவழியும் கல்லிற் பெயர் பெற்றன. வயலுக்குச் செல்லும் சிறுவழி அங்ஙனம் புகழ் பெறவில்லை. ஆயினும் அதனைக் காத்தற்கும் ஊரவையில் ஓர் அமைப்பு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுக்கள் சிலவற்றில் வரும் 'தடிவழி வாரியம்' அதுவே என்று கருதுகின்றோம். உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்களில் (919, 921) ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் உள, இஃது இல்லை. தடி என்பது வயற்கூறு. வயலையும் வழியையும் ஒரே வாரியத்தின்பால் வைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. வயல்நீர் கசிந்தால் வழி கெடும். வழி மேடுற்றால் நீர் தடைப்படும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1866-ஆம் ஆண்டுச் சாலைவரிச் சட்டம் சாலையைத் தனிப்பொருளாக்கிற்று. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட, வட்ட 'போர்டு'களை நிறுவிற்று. ('போர்டு' என்பதற்குப் பின்னாளில் நாம் கொண்ட சொல்லும் வாரியமே!) 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊர்ச்சாலைகளைப் பழுதுபார்த்தலையும் வடிகால் அமைத்தலையும் 110-ஆம் பிரிவில் வெவ்வேறு கடமைகளாக எண்ணுகின்றது.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஏரியும் உண்டு. சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. சுமையுந்துகள் செல்லும் தார்ச்சாலையின் வெடிப்பில் நீர் இறங்கின் அடித்தளம் இளகும். பின்னர்ச் சக்கரங்கள் அதனைக் குழியாக்கும். ஓரவடிகால் தூர்ந்து கிடப்ப மேற்றளத்தை மட்டும் புதுப்பித்தல் தடியை மறந்து வழியைக் காப்பதனை ஒக்கும். இத்தகைய ஊர்களின் சாலைப் பதிவேட்டில் ஒவ்வொரு சாலைக்கும் எதிரே அதன் வடிகாலின் நிலையையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.