விசெகிராட்

ஸ்லாவிய மொழிகளில் 'உயர்ந்த கோட்டை' எனப் பொருள்படும் இச்சொல், ஸ்லாவியக் குடும்பத்தைச் சேராத மொழி வழங்கும் ஹங்கேரியில், டான்யூப் ஆற்றின் வளைவில் உள்ள சிற்றூரின் பெயராக நிலைத்து, பின்னர் ஒரு நாட்டுக்குழுவின் பெயருமாயிற்று. 1335-இல் பொஹீமியா, போலந்து, ஹங்கேரி மன்னர்கள் கூடி, வியன்னாவைத் தவிர்க்கும் வணிக வழிகளுக்கு இசைந்த அவ்வூரையே, பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் செக்கோஸ்லோவாக்கியாவின் ஹாவெல், போலந்தின் வலென்சா, ஹங்கேரியின் அன்டால் ஆகிய தலைவர்கள் 1991 பிப்ரவரி 15 அன்று இக்குழுவுக்கு அடித்தளமிட்ட கூட்டறிக்கையில் ஒப்பமிடத் தேர்ந்தது, பழம்பெருமையின் துணையை வேண்டியே எனலாம். செக்கோஸ்லோவாக்கியா 1993-இல் பிரிந்ததால் மூன்று நாடுகள் நான்காகி, 'விசெகிராட் நால்வர்' என்ற வழக்கு ஏற்பட்டது. நிலையான தலைமைச் செயலகம் இன்றி, ஆண்டுதோறும் மாறும் தலைமையில் இயங்கும் இத்தளர்வான அமைப்பில், உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யாவைக் குறித்துப் போலந்தும் ஹங்கேரியும் வெளிப்படையாகவே முரண்பட்டன.