பொதுத் துண்டு (மரபியல்)

ஒரே முன்னோரிடமிருந்து இருவருக்கு வந்த டிஎன்ஏ பகுதி, சென்டிமார்கன் என்னும் மரபுத் தொலைவு அலகில் அளப்பர். தலைமுறைதோறும் குரோமோசோம்கள் வெட்டி மாற்றிக்கொள்வதால் துண்டு குறுகும். நீண்டிருந்தால் கிட்டத்து உறவு. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளைக்குச் சராசரி 12.5 சதவீதம் பொது. எள்ளுத்தாத்தா ஒருவராக இருப்போருக்கு 0.78 சதவீதம்தான், சிலரிடம் ஒன்றும் தட்டுப்படாது.

தமிழ்நாட்டில் இக்கணக்கு சறுக்கும். அக்காள் மகளைக் கட்டிய வீட்டில் ஒரே முன்னோர் இரு வழியில் வருவதால், தூரத்துச் சொந்தமும் பங்காளிபோலத் தெரியும்.

ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களின் துண்டுகளை ஒப்பிட்டது. 81 குழுக்களில் சிறு மூதாதையர் கூட்டத்தின் தடம், அதற்குப் பேர்போன பின்லாந்தினரைவிட அழுத்தம். வைசிய சமூகத்தாரிடம் இது அறுவை மேசையிலேயே தெரியும்: மரபுவழிக் குறையால், தசை தளர்த்தும் மருந்து சிலருக்கு எளிதில் தெளியாது.