துரோகத்துக்கு ஆளான கம்பெனி, குற்றவாளியான கம்பெனி: மலேசியச் சட்டத்தில் ஒரு திருப்பம்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அரிசியும் ரப்பர் பால் வாளியும் சப்ளை செய்யும் ஈப்போக் கடைக்காரர், ஆர்டர் கைமாறாமலிருக்கத் தோட்டத் துரைக்கு ரகசியக் கமிஷன் தருகிறார். அன்றைய மலாயாவின் 1950ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகள். லண்டனில் இருக்கும் தோட்டக் கம்பெனியோ ஏமாற்றப்பட்ட தரப்பு. வேலைக்கு அமர்த்தியவருக்கு அவருடைய ஆளே இழைத்த துரோகம் என்பதுதான் குற்றத்தின் சாரம். பிரிட்டனின் 1906 சட்டத்திலிருந்து வந்த இந்தப் பார்வை மலாயாவின் 1961 சட்டத்திலும் தொடர்ந்தது.

லஞ்சம் கொடுத்ததே ஒரு கம்பெனி என்றால்? மேலிடம் அறிந்தே நடந்தது என்று அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவரைக் கைகாட்டிவிட்டுக் கம்பெனி ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது.

அரசியல் ஊழலும் அப்போது தனியாட்களின் விவகாரமாகவே பேசப்பட்டது. ஈப்போ வழக்கறிஞரும் மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவருமான டி. ஆர். சீனிவாசகம், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். சபைக்கு வெளியே சொல்லத் தயாரா என்ற சவால் எழுந்ததும் வெளியிலும் சொன்னார். அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. 1965இல் அவர் பதவி விலகினார். இரண்டே ஆண்டில், 1967 அக்டோபர் 1இல், ஊழல் தடுப்பு நிறுவனம் பிறந்தது. 1973இல் அதன் பெயர் மாறியது, 1982இல் பழைய பெயருக்கே திரும்பியது, 2009இல் ஆணையமானது. பெயர்ப்பலகை மாறிய அளவுக்குக் குற்றவாளி யார் என்ற இலக்கணம் மாறவில்லை.

அந்த இலக்கணத்தைப் பின்னர் மாற்றிய நெருக்குதல் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. அந்நிய நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977லேயே குற்றமாக்கியது. பிரிட்டன் 2010இல் ஒரு படி மேலே போய், லஞ்சத்தைத் தடுக்கத் தவறிய கம்பெனியையே குற்றவாளியாக்கியது. மலேசியா 2008இல் ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த ஆண்டின் சட்டத்தில் 22ஆவது பிரிவு அந்நிய அதிகாரிகளையும் உள்ளடக்கியது.

பிரிட்டன் வகுத்த வழியில் அதே 2009 சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டதே 17ஏ பிரிவு. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த 2018இல், பிரதமர் நஜிப் ரசாக் அரசின் கடைசி நாட்களில் அது நிறைவேறியது என்பது வரலாற்றின் குறும்பு. 2020 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 1எம்டிபி தொடர்பான லஞ்சச் சதிக்காக அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் மலேசியக் கிளை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட இடம் அமெரிக்க நீதிமன்றம்!

17ஏவின்படி, கம்பெனியோடு தொடர்புடைய ஒருவர் அதன் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தாலே கம்பெனி குற்றவாளி. தண்டனை, லஞ்சத் தொகையைப்போல் குறைந்தது பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அபராதம். 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. இயக்குநர்களும் குற்றவாளிகளாகவே கருதப்படுவர். சம்மதமின்றி நடந்தது, உரிய கவனத்தோடு இருந்தோம் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். கம்பெனிக்கு உள்ள தற்காப்பு, தடுப்பதற்குப் ‘போதிய நடைமுறைகள்’ இருந்தன என்று காட்டுவது. அதற்கு ஆவணம் வேண்டும், பயிற்சி வேண்டும், மறுஆய்வு வேண்டும். சட்டப் பிரிவே வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனத்துக்கு இது பெரிய காரியமில்லை. கூட்டாளித் தொழில்களுக்கும் இப்பிரிவு பொருந்துவதால், தோட்டங்களுக்கு உரமும் லாரியும் அனுப்பும் சிறு குத்தகைக்காரர் தலையிலும் அதே சுமைதான். 2021 மார்ச்சில் இப்பிரிவில் முதன்முதலாகக் குற்றம் சாட்டப்பட்டதும் உலகளாவிய பெருநிறுவனமன்று. துணைக் குத்தகை ஒன்றுக்காக 321,350 ரிங்கிட் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட உள்நாட்டுக் கடல்சார் சேவை நிறுவனம்.