சிறு லீக் பேஸ்பால் அஞ்சலட்டைகள்: பின்பக்கம் சொல்லும் கதை

அமெரிக்காவில் பேஸ்பால் என்றதும் பெருநகரக் குழுக்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவற்றுக்குக் கீழே ‘மைனர் லீக்’ எனப்படும் சிறு லீக்குகள் நூற்றுக்கணக்கான ஊர்களில் நடந்தன. பஞ்சாலை ஊர், சுரங்க ஊர், ரயில் நிற்கும் சந்தை ஊர் என எங்கும் சம்பளத்துக்கு ஆடும் ஒரு குழு இருந்தது. 1949இல் மட்டும் 59 லீக்குகள். பின்னர் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, பெரும்பாலானவை கலைந்தன. பல குழுக்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது சில நிழற்படங்களும் அஞ்சலட்டைகளும்தான். அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் அங்கே ஏராளம்.

இந்த அட்டைகள் பிறந்ததற்கு ஒரு கேமராவும் காரணம். 1903இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘3ஏ’ கேமராவின் நெகட்டிவ், அஞ்சலட்டை அளவிலேயே இருக்கும். பெரிதாக்க வேண்டியதில்லை, அட்டைத் தாளில் வைத்து அப்படியே அச்செடுக்கலாம். உள்ளூர்ப் படக்காரர் குழுவை மரப் பார்வையாளர் மேடை முன் நிறுத்திப் படமெடுப்பார். தேவைக்கு ஏற்பச் சில பிரதிகள், அவ்வளவுதான். அதனால் சில படங்களுக்கு உலகில் ஒரே ஒரு பிரதிதான் தப்பியிருக்கலாம்.

அனுபவசாலிகள் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். 1907 மார்ச் 1க்கு முன் அமெரிக்காவில் அந்தப் பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். கடிதச் செய்திக்கு இடமில்லை. நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தால் அது பிந்திய அட்டை. தபால்தலை ஒட்டும் கட்டமும் காலம் சொல்லும். ‘ஏஸோ’ என்ற தாளில் நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் ஏறக்குறைய 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் அதற்குப் பிந்தியது.

போலிகளும் உண்டு. கள்ள நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், 1950களுக்குப் பிந்திய தாள்கள் பல நீலவெள்ளையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஒளிராததெல்லாம் அசல் என்று நம்பிவிடவும் கூடாது.

விலை, படத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பஞ்சாலைக் கூலியாக வளர்ந்த ஜோ ஜாக்சன் 1908இல் கிரீன்வில் ஊரின் ‘ஸ்பின்னர்ஸ்’ குழுவில் ஆடினார். நூல் நூற்பவர்கள் என்பதுதான் அப்பெயரின் பொருள். ஜேக்கி ராபின்சன் 1946இல் மாண்ட்ரியால் ராயல்ஸ் குழுவில் ஆடினார். கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த கதவு அங்கேதான் திறக்கத் தொடங்கியது. இத்தகையோர் இருக்கும் படங்களுக்குப் போட்டி அதிகம்.

மற்றவர்கள்? சட்டையில் ஒற்றை எழுத்து மட்டுமே இருக்கும். அந்த எழுத்தில் தொடங்கும் ஊர்களோ பல. அஞ்சல் முத்திரை, படக்காரரின் முத்திரை, உள்ளூர் நாளேட்டின் பழைய இதழ்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆண்டையும் ஆளையும் கண்டுபிடிக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான உழைப்பு இதுதான். பின்னால் யாரோ பென்சிலில் எழுதிவைத்த ஒன்பது பெயர்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே ஆல்பத்தில் ஒட்டிய அட்டையை அவசரமாகப் பிய்க்க மாட்டார்கள். கறுப்புத் தாளோடு பெயர்களும் உரிந்து போய்விடும்.