மண்டியிட்டார், பணியவில்லை!

1871 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரம். கன்னிமாடத்துச் சிற்றாலயத்திலே, தலையில் மகுடமும் கையில் கோலும் தாங்கி நிற்கிறார் பிஷப் ஷீல். அவர் முன்னே மண்டியிட்டிருக்கிறார் இருபத்தொன்பது வயதுக் கன்னித்துறவி ஒருவர். குற்றம்: கீழ்ப்படியாமை. தண்டனை: சபை விலக்கு!

சபை விலக்கு என்றால் என்ன? கோயில் வழிபாட்டில் பங்கு இல்லை; சபையார் அவரோடு பழகவும் அஞ்சுவர். நம் நாட்டுச் சிற்றூர்களில் ஊர்விலக்கு என்பரே, அதன் உடன்பிறப்பு அது.

கொலை செய்தாரா அந்தப் பெண்? கோயில் பணத்தைக் களவாடினாரா? இல்லை! ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அந்தப் பணியை நடத்தும் உரிமை, பணி செய்யும் பெண்களிடமே இருக்கட்டும் என்றார். அவர்தான் மேரி மெக்கிலாப் அம்மையார்.

பகுத்தறிவு பேசும் ஏட்டிலே கன்னிமாடத்துக் கதைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். பக்தியின் பெருமை பாட வரவில்லை நாம். பள்ளி யாருக்கு, அதை ஆள்வது யார் என்ற கேள்விக்காக ஒரு பெண் கொடுத்த விலையைக் கூறவே வந்தோம்.

1842இல் மெல்போர்ன் நகரை அடுத்த பிட்ஸ்ராயில் பிறந்தவர் மேரி. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் கற்றவர், ஆனால் கைப்பொருள் காக்கத் தெரியாதவர். எனவே வறுமை வீட்டிலே நிலையாகக் குடியேறிற்று. பதின்பருவத்திலேயே எழுதுபொருள் கடையொன்றில் வேலைக்குப் போனார் மேரி. 1860இல் பெனோலா என்னும் சிற்றூருக்கு, உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லச் சென்றார். அங்கேதான் டெனிசன் உட்ஸ் என்ற பாதிரியாரைக் கண்டார். மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து நூல் எழுதிய நிலவியல் அறிஞர் அவர். பல நூறு கல் பரந்த அந்தப் பகுதியிலே, ஆட்டுப் பண்ணைக் கூலியின் மகனும் குடியானவன் மகளும் எழுத்து வாசனையின்றி வளர்வது இருவர் உள்ளத்தையும் வாட்டிற்று.

1866இல், குதிரை கட்டும் கொட்டில் ஒன்று பள்ளிக்கூடமாயிற்று! அதைச் செப்பனிட்டவர் மேரியின் தம்பி. பாடஞ் சொன்னவர்கள் மேரியும் அவருடைய தங்கையரும். அங்கே முளைத்ததுதான் சூசையப்பர் சகோதரிகள் சபை.

அந்தச் சபையிலே புதுமை என்ன? கூறுகிறோம், கேளுங்கள். அந்நாளைய கன்னிமாடங்களிலும் மேல், கீழ் இருந்தது. செல்வக் குடியில் பிறந்தவர் பாடலும் படிப்புமாக இருப்பர். ஏழைக் குடியில் பிறந்தவர் அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் உழல்வர். துறவிலும் ஏற்றத்தாழ்வு! மேரியின் சபையிலே அந்தப் பிரிவினைக்கு இடமில்லை. உயர்ந்த மதில்களும் இல்லை. இருவர் மூவராகச் சிறு குடிசைகளில், மக்கள் நடுவிலே குடியிருந்தனர். கட்டணம் கொடுக்க முடியாதவர் பிள்ளைக்கும் பாடம் உண்டு. கையில் காசில்லாதபோது தெருவில் இறங்கிக் கையேந்தினர். முதியோருக்கும் சிறை மீண்ட பெண்களுக்கும் புகலிடம் அமைத்தனர். 1871க்குள் சுமார் 130 சகோதரிகள். நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளும் அறநிலையங்களும்!

பின் ஏன் வந்தது பகை? 1868இல் பிஷப் ஏற்ற விதிப்படி, சகோதரிகளுக்குத் தலைமை அவர்களுள் ஒருவரே. அந்தந்த ஊர்ப் பாதிரியார் அவர்களை ஆட்டிவைக்க முடியாது. இது பலர் கண்ணை உறுத்திற்று. மற்றொன்றும் உண்டு. 1870இல் கபுண்டா என்ற ஊரிலே, பாதிரியார் ஒருவர் பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்தார் எனச் சகோதரிகள் அறிந்தனர். மூடி மறைக்காமல் மேலிடத்துக்குத் தெரிவித்தனர். அவர் அகற்றப்பட்டார், அவருடைய நண்பர் பகை கொண்டு பிஷப்பைத் தூண்டினார் என்பர் வரலாற்றாளர் பலர். பிஷப் விதியையே மாற்ற முனைந்தார். தாம் ஏற்ற விதியை விட்டு மாறிய விதியின்கீழ் வாழ மனச்சான்று இடந்தராது என்றார் மேரி. விளைவுதான் அந்தச் செப்டம்பர்த் தீர்ப்பு.

அவரோடு நாற்பதுக்கு மேற்பட்ட சகோதரிகளும் வெளியேற்றப்பட்டனர். பள்ளிகள் பல மூடப்பட்டன. நடுத்தெருவில் நின்ற அந்தப் பெண்களுக்கு வாடகையின்றி வீடு கொடுத்தவர் யார்? இம்மானுவேல் சாலமன் என்ற யூத வணிகர்! சொந்தச் சபை கதவடைத்தபோது, வேற்று மதத்தார் கதவு திறந்தார்.

ஐந்து மாதம் கழிந்தது. சாவுப் படுக்கையிலே பிஷப் தம் தவற்றை உணர்ந்தார். 1872 பிப்ரவரி 23இல் விலக்கு நீங்கிற்று. அடுத்த மாதம் முதல் நாள் அவர் மறைந்தார்.

போராட்டம் அத்துடன் முடியவில்லை. 1873இல் ரோம் சென்று போப்பாண்டவரிடம் முறையிட்டார் மேரி. தலைமை சகோதரிகளிடமே இருக்கும் என்ற கொள்கை நின்றது. ஆனால் சபைக்குச் சொத்தே கூடாது என்ற விதி தளர்ந்தது. அதனால் உட்ஸ் மனம் கசந்தார். பழைய நட்பு முறிந்தது. 1883இல் வேறொரு பிஷப், குடிப்பழக்கம் என்ற பொய்ப்பழி சூழ, அடிலெய்டை விட்டே போகச் செய்தார். 1885இல் தலைமைப் பதவியும் பறிபோயிற்று. ஆயினும் 1888இல் ரோம் அந்தக் கொள்கையை உறுதி செய்தது. பதவி போயிற்று, கொள்கை வென்றது! 1899இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தனர். 1909 ஆகஸ்ட் 8இல் மறைந்தார்.

பிஷப்பிடமிருந்து தப்பப் போப்பாண்டவரை நாடினாரே, இதுவும் அதிகார நிழல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சபையை அவர் மறுக்கவில்லை, இறுதிவரை நம்பினார். ஆனால் நம்பிக்கை வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை அறிந்திருந்தார். முழங்காலை மடக்கியவர், மனச்சான்றை மடக்கவில்லை.

2009இல் அடிலெய்டு ஆர்ச்பிஷப் பழைய தவற்றுக்கு மன்னிப்புக் கோரினார். 2010 அக்டோபர் 17இல் போப்பாண்டவர் மேரியைப் புனிதர் என அறிவித்தார். விலக்கிய பீடத்தின் வழிவந்தோரே வணங்கச் சொல்கின்றனர்!

சிலையை வணங்குவது எளிது. சிலை விதியைப் பற்றி வாதிடாது. ஊர்ப் பாதிரியாரின் முறைகேட்டை எடுத்துரைக்காது. பள்ளியை ஆள்வது யார் எனக் கேட்காது. உயிரோடிருந்த மேரி மூன்றையும் எதிர்கொண்டார். தோழர்களே, பீடத்து மேரியை வணங்குவோர் வணங்கட்டும். குதிரைக் கொட்டிலைப் பள்ளியாக்கி, அந்தப் பள்ளிக்காக வீதியில் நின்ற மேரியை நாம் நினைவில் வைப்போம்.